கொட்டகை மேல் அறுபது பொட்டு

செப்டம்பர் 8, திங்கள்

கொட்டகை மேல் பன்னிரண்டு பேனலும் ஏறியாயிற்று. பூந்தமல்லி ஃபெலிக்ஸ்தான் மாட்டினான். கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு அவன் இறங்கும்போது மணி நாலு. சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வரும்.

நாலு பேட்டரி ஆட்டோவையும் வரிசையாக நிறுத்தி ஒயரைச் செருகினோம். பச்சை விளக்கு எரிந்தது. மருமகள் கலைவாணி கை தட்டினாள். கண்ணம்மா அழுதே விட்டாள். இரண்டு பேரும் ஆட்டோ ஓட்டுகிறவர்கள். நான் அழவில்லை. மகளிர் குழுத் தலைவியே அழுதால் மற்றவர்களுக்கு என்ன தைரியம் இருக்கும்?

வீட்டுக்காரர் (பேரை எழுதினால் ஆயுசு ஒன்றும் குறைந்துவிடாது, துலுக்கானம்) நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "இன்னாமே, மாடு கட்டின எடத்துல வெயிலக் கட்டிட்ட" என்றார்.

மே மாதத்தை மறக்க முடியாது. தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் ஒரே மாதத்தில் இரண்டு முறை வெடித்தது. பாரிவாக்கத்தில் எங்கள் தெருவில் முன்பு நாற்பது வீடு. இப்போது அடுக்குமாடி மட்டும் ஆறு. வீட்டுக்கு வீடு ஏசி. ஆனால் பழி யார் மேல்? சாயங்காலம் வந்து சார்ஜ் போடுகிற எங்கள் நாலு ஆட்டோ மேல். எதிர் வீட்டு மோகன் தெருவையே கூட்டிவிட்டான். இனி எங்கள் பெண்கள் யாரும் வீட்டு லைனில் சார்ஜ் போட மாட்டார்கள் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன். தனி லைன் கேட்டுப் போனோம். இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் நிரம்பிவிட்டது, புதுசு வந்தால்தான் என்றார்கள். ஆட்டோக்களோ கடனில் எடுத்தவை. நின்றால் யார் கட்டுவது?

அப்போதுதான் ஒரு டிரஸ்ட் கிடைத்தது. சோலார் போட பாதிப் பணம் முதலில் தருவார்கள். மீதிப் பாதி மூன்று மாதம் கழித்து, பேனல் ஒழுங்காகக் கரண்ட் கொடுத்தால் மட்டும். இடமும் கொட்டகையும் எங்கள் பங்கு. இடம் என் பேரில் இருப்பது. அந்த மீதிப் பாதியை நம்பித்தான் ஃபெலிக்ஸ் தன் காசைப் போட்டு வேலையை முடித்திருக்கிறான். அது வராவிட்டால் பேனலைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான். அதற்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

படித்தது அஞ்சாம் வகுப்பு. பதினெட்டுப் பெண்களுக்குத் தலைவி. சும்மாவா?

செப்டம்பர் 14, ஞாயிறு

குழுக் கூட்டத்தைக் கொட்டகையிலேயே வைத்தோம். டிரஸ்டிலிருந்து ரெனிதா மேடம் வந்தார். சின்னப் பெண். ஆனால் விவரம். இங்கே எத்தனை யூனிட் வருகிறது என்று அங்கே உட்கார்ந்தே போனில் பார்க்கிறார். நேற்று இருபத்தாறு யூனிட்.

"பகல்ல பதினோரு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும் ஏத்துங்கம்மா. அதுதான் உங்க நேரம்" என்றார். எங்களுக்கு அது கஷ்டமே இல்லை. காலையில் பள்ளிக்கூட சவாரி, மூன்றரைக்கு மறுபடி பள்ளிக்கூட சவாரி. நடுவில் அந்த வெயிலில் எவர் ஏறுகிறார்?

"நிழல் மட்டும் விழக் கூடாது. ஒரு இலை வந்து ஒட்டிக்கிட்டாக்கூட அந்த வரிசையே படுத்துக்கும்" என்றும் சொன்னார். வாரம் ஒரு தரம் துடைக்கணும் என்றான் ஃபெலிக்ஸ். முறை போட்டுக்கொண்டோம்.

ஞானம்மாள் வழக்கம்போல ஓரத்துத் தூணடியில் உட்கார்ந்திருந்தாள். வாயே திறக்கவில்லை. நாலு வருஷம் முன்பு அவள் செயலாளர். கண்ணம்மா சேமிப்பில் கை வைத்துவிட்டாள் என்று கூட்டத்தில் சொன்னாள். பொய் என்று ஆயிற்று. அன்றைக்கு நான் ஒரு தீர்மானம் எழுதினேன்: கூட்டத்தில் ஒருவர் மேல் பொய்ப் பழி சொன்னவர் பொறுப்பில் இருக்கக் கூடாது. தீர்மான நோட்டை அவள் கையாலேயே என்னிடம் கொடுக்க வைத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு அந்தத் தூணடிதான்.

நல்ல தீர்மானம். அதற்கப்புறம் குழுவில் ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றிக் கண்டபடி பேசியதில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

இருபத்தேழு யூனிட்! நாலு வண்டியும் நிறைய சார்ஜோடு மூன்று மணிக்குக் கிளம்பின.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நாலு ஆட்டோவுக்கும் மாலை, சந்தனம், குங்குமம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைத்தோம். பொரி கடலை தெருவுக்கே கொடுத்தேன். மோகன் வீட்டுக்கும்தான். வாங்கிக்கொண்டான்.

வண்டிக்கு வைத்தாயிற்று, சுவிட்ச் பெட்டிக்கு வைத்தாயிற்று. சோறு போடுகிற பேனலை மட்டும் மூளியாக விடுவதா? சந்தனம் வைத்தால் முதல் மழையிலேயே போய்விடும். எங்கள் வாசப்படிக்கு அடித்த மஞ்சள் பெயிண்ட் அரை டப்பா மிச்சம் இருந்தது. சிவப்பும் கொஞ்சம். அந்தப் படி மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது, ஒரு பொட்டு உரியவில்லை. கண்ணம்மா ஏணியைப் பிடிக்க நானே மேலே ஏறினேன், அறுபத்திரண்டு வயதில். பேனலுக்கு நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொன்று. உள்ளங்கை அகலம் மஞ்சள், அதன் நடுவில் சிவப்பு. பன்னிரண்டுக்கும் சேர்த்து அறுபது பொட்டு.

துலுக்கானம் கீழேயிருந்து, "தெருவுலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரில. யாரு பாக்கறதுக்குமே இம்மாம் பெரிய பொட்டு?" என்றார்.

"சூரியன் பாக்கும்யா" என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பதினேழு யூனிட். மேகம் என்கிறான் ஃபெலிக்ஸ். இருக்கும்.

அக்டோபர் 19, ஞாயிறு

பன்னிரண்டு. விடிந்தால் தீபாவளி. வண்டிகள் பாதி சார்ஜோடு போகின்றன. ஃபெலிக்ஸ் வந்து ஒயரையெல்லாம் இழுத்துப் பார்த்தான், பெட்டியைத் திறந்து பார்த்தான். கீழே குறை இல்லை. தகரம் நனைந்து வழுக்குகிறது. "மழ வுடட்டும்கா, மேல ஏறிப் பாக்கறேன்" என்று போனான்.

இந்த வாரம் துடைக்கிற முறை கண்ணம்மாவுடையது. மழை நின்ற நேரம் பார்த்து நீளக் குச்சியில் துணி கட்டித் துடைத்தாளாம். "பொட்டு அழியாம பாத்துப் பாத்துத் தொடச்சேன்கா" என்றாள். பொறுப்பான பெண்.

அக்டோபர் 28, செவ்வாய்

பத்து.

நவம்பர் 5, புதன்

சாயங்காலம் நாலு மணிக்கு, கொட்டுகிற மழையில், டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் கலைவாணி வண்டி நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. உள்ளே அஞ்சு பிள்ளைகள். அதில் என் பேத்தி மதிவதனியும். பின்னாலிருந்து தண்ணீர் லாரி ஆரன் அடிக்கிறான். கலைவாணி இறங்கித் தனியாகவே வண்டியை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறாள், முழங்கால் தண்ணீரில்.

வீட்டுக்கு வந்து ஈரப் புடவையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அத்த, ரெண்டு ஊட்டுக்காரங்க நாளையிலேர்ந்து வேன்ல அனுப்புறோம்னுட்டாங்க."

மதிவதனி மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னது: "ஆயா, எல்லாருமா சேந்து பாட்டுப் பாடினோம். பயமே இல்ல."

எனக்கு இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

கண்ணம்மா வாக்கை மீறிவிட்டாள். ஏழு மணிக்கு வீட்டில் சார்ஜ் போட்டிருக்கிறாள். பத்தே நிமிஷத்தில் தெரு முழுக்க இருட்டு. மோகன் கையில் டார்ச்சோடு என் வாசலில் வந்து நின்றான்.

"ஆயா, தெரு முன்னால நீ குடுத்த வாக்கு இன்னா ஆச்சி? சோலாரு சோலாருன்னு பீத்திகினியே! மேல கண்ணாடிய அடுக்கி வெச்சிகினு கீழ எங்க கரண்ட உறிஞ்சிறீங்களா? கொட்டாய எடுக்கச்சொல்லி மனு குடுக்கப்போறேன். பாத்துக்க."

என் வாசலில் நின்று ஒருத்தன் என்னைக் கேட்கிறான்!

கண்ணம்மாவைத் திட்டப் போனேன். "சவாரி இல்லன்னா வண்டிக் கடன யாருக்கா கட்டுவா? நீ கட்டுவியா?" என்று அழுதாள். திட்டாமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கூட்டம். ரெனிதா மேடம் வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"அம்மா, அம்பத்தூர்ல எங்க குழு ஒண்ணு இதே பன்னிரண்டு பேனல் போட்டிருக்காங்க. இதே மழை, இதே மேகம். அங்க பதினெட்டு யூனிட் வருது. இங்க பதினொண்ணு. இனிமே மேகத்தைச் சொல்ல முடியாது. டிசம்பர் எட்டு வரைக்கும் இப்படியே இருந்தா ரெண்டாவது பாதி வராது. பேனல்லயே ஏதோ தப்பு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஃபெலிக்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"இன்னாடா ஃபெலிக்ஸு, எங்கேர்ந்து பொறுக்கிகினு வந்த பேனலு இது? பொம்பளைங்கதானே, படிக்காததுங்கதானேன்னு பழசத் தலையில கட்டிட்டியா?"

அவன் முகம் கறுத்துவிட்டது. "அக்கா, வார்த்தைய அளந்து பேசு. பொட்டியப் பிரிக்கச்சொல்ல நீயும்தானே பக்கத்துல நின்ன?"

"பொட்டி புதுசு. உள்ள கீறது பழசு. எத்தினி ஊட்ட ஏமாத்தினியோ!"

தூணடியிலிருந்து ஞானம்மாள் குரல் வந்தது. நாலு வருஷத்தில் முதல் முறை. "அக்கா, தெரிஞ்சிதான் சொல்றியா?"

"நீ பேசாத" என்றேன்.

ஃபெலிக்ஸ் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "சர்தான்கா. நான் திருடன். இருவத்தி நாலாந்தேதி ஏணியோட வரேன். என் பேனல நான் கழட்டிகினு போறேன்."

போய்விட்டான். பெண்கள் என்னைச் சுற்றி வந்து, நல்லாக் கேட்டக்கா என்றார்கள். நல்லாத்தான் கேட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

இன்னும் நாலு நாள். மழை விட்டு இரண்டு நாளாக நல்ல வெயில். வெயிலிலும் பதினஞ்சுதான் வருகிறது. அவன் கழற்ற வரும்போது அவன் மூஞ்சிக்கு நேரே காட்ட ஒரு அத்தாட்சி வேண்டும் என்று மேலே ஏறினேன். பேனல் பழசாயிருந்தால் கீறல் இருக்கும், பழைய நம்பர் இருக்கும், ஏதாவது இருக்கும். பகல் ஒரு மணி. யாரையும் கூப்பிடவில்லை.

கீறல் ஒன்றும் இல்லை. கண்ணாடி பளபளவென்று இருக்கிறது. என் பொட்டும் பளபளவென்று இருக்கிறது.

கையை ஊன்றித் திரும்பினேன். சுட்டது. கண்ணாடி சூடுதான், ஆனால் பொட்டு இருந்த இடம் கொள்ளிக்கட்டை மாதிரி. தள்ளித் தொட்டேன், அங்கே அவ்வளவு இல்லை. மறுபடி பொட்டைத் தொட்டேன். கடைசிப் பேனலில் நடுப்பொட்டைச் சுற்றி, கண்ணாடிக்குள்ளே, பழுப்பாகக் கருகியிருக்கிறது. தோசைக்கல்லில் விட்டுவிட்ட தோசை மாதிரி.

அப்போதுகூடப் புரியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ரெனிதா மேடம் முதல் நாள் சொன்னது காதில் விழுந்தது. ஒரு இலை ஒட்டிக்கிட்டாக்கூட...

ஒரு இலை! நான் அறுபது இலை ஒட்டி வெச்சிகீறேன். பெயிண்டால. மழைக்குக்கூட அழியாம.

நாந்தான். அவன் இல்ல. நாந்தான் பண்ணேன். பூஜை அன்னிக்கு மறுநாள்லேர்ந்துதானே கொறஞ்சிது! தேதி தேதியா இதே நோட்டுல எழுதி வெச்சிகீறேனே, எனக்குக் கண்ணு தெரிலயா?

நவம்பர் 21, வெள்ளி

விடிவதற்கு முன்னே தின்னரும் பிளேடும் பழைய பாவாடைத் துணியும் எடுத்துக்கொண்டு ஏறினேன். அறுபதையும் சுரண்டினேன். வெளிச்சம் வருவதற்குள் முடித்துவிட்டேன். வலது கை ஆள்காட்டி விரலில் வெட்டு.

கலைவாணி கேட்டாள்: "கையில இன்னா அத்த?"

"அருவாமனை பட்டுச்சி."

நேற்று ராத்திரி குழம்பு வைத்தவள் அவள். அருவாமனையை நான் தொடவே இல்லை. அவளுக்கும் தெரியும்.

நவம்பர் 22, சனி

இருபத்து மூன்று.

நவம்பர் 24, திங்கள்

ஃபெலிக்ஸ் சொன்னபடி ஏணியோடு வந்தான். ரெனிதா மேடமும் வந்தார், போனை நீட்டிக்கொண்டே.

"மூணு நாளா இருபத்து மூணு, இருபத்து நாலு. என்ன பண்ணீங்க ஃபெலிக்ஸ்? யாருக்கும் தெரியாம வந்து பேனலை மாத்திட்டீங்களா?"

"நான் இந்தப் பக்கமே வர்ல மேடம்."

கண்ணம்மா சத்தமாகச் சிரித்தாள். "பேய் வந்து மாத்திச்சா? எங்கக்கா போட்ட போடுல நல்ல பேனலு தானா நடந்து வந்துச்சி!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி பல்லைக் காட்டினேன்.

ஃபெலிக்ஸ் ஏணியைச் சாய்த்து மேலே ஏறினான். எவ்வளவு நேரம் இருந்தான் என்று தெரியாது. எனக்கு ஒரு நாள் மாதிரி இருந்தது. இறங்கி வந்து கையைத் துணியில் துடைத்தான். பேனல் ஓரச் சட்டத்துச் சந்தில் நான் சுரண்டாமல் விட்டது போலிருக்கிறது. துணியில் மஞ்சள்.

அவன் துணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான்.

"கண்ணாடி சுத்தமா கீது" என்றான். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

ரெனிதா மேடம் நம்பவில்லை. "பழசைப் போட்டுட்டு, மாட்டிக்கிட்டதும் மாத்தறவரோட நாங்க வேலை செய்ய முடியாது. உங்களுக்குன்னு வெச்சிருந்த திருமுல்லைவாயில், ஆவடி ரெண்டு வேலையும் வேற ஆளுக்குக் குடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். அவன் பேனலைக் கழற்றாமலே ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். ஏன் சொல்லாமல் போனான்? அவன் வாயைத் திறந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும்.

நவம்பர் 26, புதன்

சொல்லணும். ஆனால் சொன்னால் டிரஸ்ட் என்ன சொல்லும்? நாங்கள் கொடுத்த பேனலில் பெயிண்ட் அடித்த கூட்டம் இது, இதுகளுக்கு எதற்கு மீதிப் பணம் என்று கேட்க மாட்டார்களா? நாலு வண்டி. நாலு குடும்பம். என் ஒருத்தியின் மானத்துக்காகவா வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்? எல்லாருக்காகவும்தானே?

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பொய் மாதிரிதான் இருக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

சாப்பிடும்போது துலுக்கானம் சொன்னார்: "ஒரு வாரமா ஒன் கையில தின்னர் நாத்தம். ஒரு வாரமா ஒன் வாயில பேச்சே இல்ல. ஊரையே அடக்கின வாய எவன்மே அடக்கினது?"

அவரிடமும் கலைவாணியிடமும் சொல்லிவிட்டேன். அவர் சோற்றுக் கையோடு என்னையே பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

கலைவாணிதான் பதறினாள். "அத்த, இப்ப சொல்லாத. ஒன் கால்ல உயுறேன். இன்னும் பத்து நாளு. பணம் வந்ததும் சொல்லிக்கலாம். மழையில வண்டியத் தள்ளினது நானு. நீ இல்ல."

நியாயம். அவள் கேட்டது நியாயம்.

"அதுக்குள்ள திருமுல்லைவாயில் வேல வேற ஒருத்தனுக்குப் போயிடுமே" என்றேன்.

"போனா போவட்டும்!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்: "அவருக்கும் ரெண்டு பசங்க கீறாங்க இல்ல?"

நவம்பர் 30, ஞாயிறு

கூட்டத்துக்கு ஃபெலிக்ஸை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். பழி சொன்னது அவன் முன்னால். வந்தான். உள்ளே வரவில்லை, கொட்டகைக்கு வெளியே செருப்போடு நின்றான். ரெனிதா மேடமும் இருந்தார்.

எழுந்து நின்று சொன்னேன். பூஜை, பெயிண்ட், அறுபது பொட்டு, பிளேடு, அருவாமனை என்று சொன்ன பொய் வரைக்கும். அப்புறம் ஃபெலிக்ஸ் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, ஒன்னத் திருடன்னு சொன்னேன். என்ன மன்னிச்சிரு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "துணியில மஞ்ச ஒட்டினப்பவே தெரியும்கா. ஒரு வார்த்த சொல்லியிருப்பேன். யாரு நம்புவாங்க? நீயா சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன்."

"நான் சொல்லலன்னா?"

"இன்னா பண்றது? சாவற வரிக்கும் பழைய பேனல் ஃபெலிக்ஸுதான்."

கண்ணம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பொட்டு அழியாமல் துடைத்தவள் அவள்தானே. ரெனிதா மேடம், "ஆபீஸ்ல கேக்கணும்மா. நான் எதுவும் சொல்ல முடியாது" என்று எழுந்து போய்விட்டார்.

தீர்மானம் மிச்சம் இருந்தது. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானே தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு தூணடிக்குப் போனேன். ஞானம்மாளிடம் நீட்டினேன்.

அவள் சிரிப்பாள், ஒரு வார்த்தை குத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் நோட்டைப் பிரித்து, வெள்ளைப் பக்கத்தை எடுத்து, என் பக்கமே திருப்பி வைத்தாள். "எழுதுக்கா. ஒன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்."

எழுதினேன். ராஜம்மா ஆகிய நான் ஃபெலிக்ஸ் மேல் பொய்ப் பழி சொன்னதால் தலைவி பொறுப்பிலிருந்து இறங்குகிறேன். பதினேழு பேர் கையெழுத்து. பதினெட்டாவது என்னுடையது. நாலு வருஷம் தூணடியில் உட்கார்ந்தது போதும் என்று ஞானம்மாளையே தலைவி ஆக்கினோம்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. கொட்டகைத் தூணடியில் மட்டும் விளக்கு வைத்தேன். மேலே வைக்கவில்லை. டிரஸ்டிலிருந்து சேதி இல்லை.

டிசம்பர் 6, சனி

சேதி இல்லை. கலைவாணி என்னோடு பேசுகிறாள், ஆனால் போன் அடித்தால் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் எடுத்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டுகிறேன். இப்படியே நாள் போகிறது.

டிசம்பர் 8, திங்கள்

கெடு நாள். பதினோரு மணிக்கு ரெனிதா மேடம் போன். எனக்கு இல்லை, ஞானம்மாளுக்கு. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு 'சரிங்க, சரிங்க' என்று தலையாட்டினதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயிண்டைச் சுரண்டி எடுத்த நாளிலிருந்து புதுசாக முப்பது நாள் கணக்கு எடுப்பார்களாம். சராசரி சரியாக இருந்தால் மீதிப் பாதி உண்டு. கருகிய பேனலுக்கு அவர்கள் பொறுப்பில்லை. திருமுல்லைவாயில் வேலை ஃபெலிக்ஸுக்கே. ஆவடி வேறொருவருக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க முடியாது.

அந்த ஆவடியை நான் மறக்கக் கூடாது. அதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 17, புதன்

மூன்று நாள் தொடர்ந்து மழை. ஒன்பது, எட்டு, பதினொன்று. அம்பத்தூரில் எவ்வளவு என்று ஞானம்மாள் கேட்டுச் சொன்னாள்: ஒன்பது, எட்டு, பன்னிரண்டு. இப்போது மேகம் மேகம்தான்.

டிசம்பர் 20, சனி

ஃபெலிக்ஸ் கருகிய பேனலைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினான். கூலி வாங்க மாட்டேன் என்றான். இறங்கும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"அக்கா, எங்க கடையில கெடந்த பழைய பேனல் ஒண்ணு மாட்டிகீறேன். பழசுதான், முன்னாடியே சொல்லிட்டேன். இப்ப தாராளமா ஊருக்கெல்லாம் சொல்லு."

துலுக்கானம் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நான் ஃபெலிக்ஸுக்கு டீ போட உள்ளே போனேன். அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். இப்போது தலைவி இல்லை, அழலாம்.

டிசம்பர் 30, செவ்வாய்

மீதிப் பாதி வந்துவிட்டது. ஃபெலிக்ஸுக்குச் சேர வேண்டியதை ஞானம்மாள் கொடுத்தாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

ஜனவரி 5, திங்கள்

இந்த வாரம் துடைக்கிற முறை என்னுடையது. வெயில் வருவதற்கு முன்பே ஏறினேன். ஞானம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூலையெல்லாம் உடாம தொடக்கா" என்றாள் கீழேயிருந்து.

உடாமத்தான் தொடச்சேன். நேற்று இருபத்து நாலு.

ஒன்பதாவது பேனலைத் துடைக்கும்போது மோகன் வந்தான். புதுசாக பேட்டரி ஸ்கூட்டர் எடுத்திருக்கிறான். வண்டியை நிறுத்திவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

"ஆயா, பகல்ல ஒரு ரெண்டு மணி நேரம் இங்க சார்ஜ் போட்டுக்கலாமா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது ஒரு பதில். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தலைவியக் கேளு" என்றேன். "தோ, ஏணியப் புடிச்சிகினு நிக்கிது பாரு."